வீட்டில் கார் சார்ஜர்: பாலக்காட்டுக் கிழக்கு எல்லையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் குடியிருந்து கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் கார் ஓட்டுகிறவர்களுக்காக எழுதியது இது. கார் பெரும்பாலும் கோவை ஷோரூமில் வாங்கியதாக இருக்கும், கரண்ட் கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரியம்) கொடுப்பது. தமிழ்நாட்டு உறவினர்கள் சொல்லும் கணக்கு பல இடங்களில் இங்கே பொருந்தாது. சார்ஜர் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது இதில் எளிய வேலை. எர்த், வயர், வீட்டுக்கு வரும் ஃபேஸ் (சிங்கிளா, த்ரீயா என்பது) ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். பணத்தையும் அந்த வரிசையிலேயே செலவழியுங்கள்.

எத்தனை கிலோவாட் சார்ஜர் வேண்டும்?

பேட்டரி எவ்வளவு பெரியது என்பதை விட, ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுங்கள். சாதாரண எஸ்யூவி ஒரு யூனிட்டுக்கு 6 முதல் 7 கி.மீ. ஓடும். பாலக்காட்டிலிருந்து கோவைக்குப் போய்வந்தால் சுமார் 100 கி.மீ. அதற்குப் பேட்டரியில் 15 யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். சார்ஜ் ஆகும்போது வெப்பமாகப் போகும் இழப்பு 10 முதல் 15 சதவீதம். அதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 17, 18 யூனிட் எடுக்க வேண்டும். 3.3 கிலோவாட் சார்ஜர் இதை ஐந்தரை மணி நேரத்தில் ஏற்றிவிடும். இரவு பத்து மணிக்குச் செருகினால் விடிவதற்குள் முடிந்துவிடும்.

ஆகவே தினமும் 100 கி.மீ.க்குள் ஓடும் வீட்டுக்கு 3.3 கிலோவாட் தாராளம். 7.4 கிலோவாட் யாருக்கு வேண்டும்? தினமும் 150 கி.மீ. தாண்டுபவர்களுக்கு, ஒரே சார்ஜரில் இரண்டு கார் ஏற்றும் வீட்டுக்கு, வாடகைக்கு ஓடும் வண்டிக்கு, பகல் வெயிலில் கிடைக்கும் சோலார் கரண்டைச் சில மணி நேரத்துக்குள் காருக்குள் தள்ள நினைப்பவர்களுக்கு.

22 கிலோவாட் வாங்கி வைத்தால் சீக்கிரம் ஏறாதா?

ஏறாது. வீட்டுச் சார்ஜர் தருவது ஏசி (மாறுதிசை) கரண்ட். அதை டிசியாக (நேர்திசையாக) மாற்றுவது காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். அதன் அளவுதான் எல்லை. நெக்ஸான் இவி, எம்ஜி இசட்எஸ், பிஒய்டி ஆட்டோ 3 போன்றவை 7 கிலோவாட்டை ஒட்டி நிற்கும். க்ரெட்டா எலெக்ட்ரிக், ஐயோனிக் 5, இவி 6 போன்றவை 11 கிலோவாட் வரை எடுக்கும். அதற்கு மூன்று ஃபேஸும் வேண்டும். சிறிய கார்களின் கீழ்நிலை மாடல்களில் 3.3 மட்டுமே இருப்பது உண்டு. உங்கள் மாடலுக்கு எத்தனை என்று புத்தகத்தில் பார்த்துவிட்டுச் சார்ஜர் வாங்குங்கள்.

வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். 7.4 கிலோவாட் வைக்க முடியுமா?

கேரளத்தில் இதற்கு விதியே இருக்கிறது. 2014 மின்வழங்கல் விதித்தொகுப்புப்படி சிங்கிள் ஃபேஸ் இணைப்பு 5 கிலோவாட் வரைதான். 7.4 கிலோவாட் சார்ஜர் ஒன்றே அதைத் தாண்டிவிடுகிறது. கே.எஸ்.இ.பி. செக்‌ஷன் ஆபீஸில் த்ரீ ஃபேஸுக்கு விண்ணப்பம் கொடுத்து, மீட்டரும் சர்வீஸ் வயரும் மாறிய பிறகே சார்ஜர் வேலையைத் தொடங்குங்கள். சார்ஜரை மாட்டிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் பழைய சர்வீஸ் வயர்தான் முதலில் சூடாகும்.

3.3 கிலோவாட் என்றாலும் வீட்டின் கனெக்டட் லோடை (எல்லாச் சாதனங்களின் மொத்த வாட்டை) கூட்டிப் பாருங்கள். ஒரு ஏசி, வாட்டர் ஹீட்டர், கிணற்று மோட்டார் இருக்கும் வீடு சார்ஜரோடு சேர்ந்து 5 கிலோவாட்டைத் தாண்டிவிடும்.

த்ரீ ஃபேஸ் வந்த பிறகும் ஒரு தேர்வு மிச்சம் இருக்கிறது. 7.4 கிலோவாட் சார்ஜர் ஒரே ஃபேஸில்தான் நிற்கும். ஏசியும் மோட்டாரும் தொங்கும் ஃபேஸை விட்டுவிட்டு, குறைந்த லோடு உள்ள ஃபேஸில் அதைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஏசிக்கோ கீசருக்கோ போட்ட 16 ஆம்பியர் பாயிண்டில் செருகினால் என்ன?

அவசரத்துக்கு ஒரு நாள் செருகலாம். தினசரி வேலைக்கு ஆகாது. கீசர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும். ஏசி கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓடும். கார் ஆறேழு மணி நேரம் இடைவிடாமல் 13, 14 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டின் பித்தளை நாக்கு தளர்ந்திருந்தால் அந்த ஓரிடம் மட்டும் சூடாகும். சூட்டில் இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும். உருகிக் கருத்த சாக்கெட்டுகள் பெரும்பாலும் இப்படி உண்டானவைதான். பழைய வீடுகளில் அந்தப் பாயிண்டுக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயரே போட்டிருப்பார்கள், அதிலேயே இன்னொரு பாயிண்டும் தொங்கும்.

காருக்கென்று மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள். 3.3 கிலோவாட்டுக்குச் சுவரில் மாட்டும் பெட்டியோ, நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டோ நல்லது. மூன்று முள் சாக்கெட்தான் வேண்டும் என்றால் நல்ல கம்பெனியின் 16 ஆம்பியர் சாக்கெட் போடுங்கள். சார்ஜ் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றே நிறுத்திவிட்டு மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

வயர் என்ன அளவு?

செம்பு மட்டும். 16 ஆம்பியருக்கு (3.3 கிலோவாட் சார்ஜர்) 4 ஸ்கொயர், 32 ஆம்பியருக்கு (7.4 கிலோவாட்) 6 ஸ்கொயர். தூரம் கூடினால் அளவும் கூட வேண்டும். இங்கே பல வீடுகளில் மீட்டர் முன் வராந்தாவிலும் கார் ஷெட் தோப்பு ஓரத்திலும் இருப்பதால் தூரக் கணக்கு முக்கியம்.

30 மீட்டர் தள்ளி 32 ஆம்பியர் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 6 ஸ்கொயர் வயரில் போகவர 60 மீட்டருக்குச் சுமார் 6 வோல்ட் இறங்கும். வயர் சூடானால் 7 வரை போகும். ஏறத்தாழ 190 வாட் வயரிலேயே வெப்பமாகக் கரைகிறது. 10 ஸ்கொயர் போட்டால் இறக்கம் மூன்றரை வோல்ட்டுக்கு வந்துவிடும். வோல்டேஜ் ஏற்கெனவே குறைவாக வரும் ஊரில் அந்த வித்தியாசம் பெரிது. எனவே 20 மீட்டரைத் தாண்டினால் 10 ஸ்கொயர் போடச் சொல்வோம். எர்த் வயரும் ஃபேஸ் வயரின் அதே அளவு இருக்க வேண்டும். மண்ணுக்குள் போகிற பகுதிக்கு ஆர்மர்டு (உலோகக் கவசம் போட்ட) கேபிள் போடுங்கள். வெறும் பிவிசி பைப் தோப்பில் மண்வெட்டிக்குத் தாங்காது.

காரோடு இலவசமாக வரும் இன்ஸ்டலேஷனில் சில மீட்டர் வயர்தான் சேர்த்தி. மிச்சத்துக்கு மீட்டர் கணக்கில் வாங்குவார்கள். எத்தனை ஸ்கொயர் போடப்போகிறார்கள் என்பதை சர்வே அன்றே எழுதி வாங்கிவிடுங்கள்.

எம்சிபி, ஆர்சிசிபி எது?

எம்சிபி என்பது லோடு மிஞ்சினால் தானே விழுந்து லைனை அணைக்கும் சுவிட்ச். 32 ஆம்பியர் சார்ஜருக்கு 40 ஆம்பியர் சி கர்வ் எம்சிபி. 16 ஆம்பியருக்கு 20. சார்ஜர் எவ்வளவு இழுக்கிறதோ அதே அளவு எம்சிபி போட்டால் மணிக்கணக்காக ஓடும்போது சூட்டில் தானே விழும், மார்ச், ஏப்ரல் மாதங்களில் கண்டிப்பாக விழும்.

கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் ஆர்சிசிபி 30 மில்லிஆம்பியர், டைப் ஏ. கடையில் கேட்காமல் வாங்கினால் டைப் ஏசியைத்தான் எடுத்துத் தருவார்கள். கார் பக்கத்திலிருந்து சிறு டிசி கசிவு வந்தால் டைப் ஏசி மரத்துப்போய், உண்மையான ஷாக் நேரத்தில் விழாமல் இருந்துவிடலாம். சார்ஜருக்குள் 6 மில்லிஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறதா என்று அதன் விவரத்தாளில் பாருங்கள். இருந்தால் வெளியே டைப் ஏ போதும். இல்லையென்றால் டைப் பி வேண்டும். அது விலை மிக அதிகம். அந்த வசதி உள்ள சார்ஜரையே வாங்கிவிடுவது லாபம்.

வீட்டின் பொது ஆர்சிசிபிக்குக் கீழே சார்ஜரைக் கொடுக்காதீர்கள். ஃப்ரிட்ஜ், கம்ப்யூட்டர், பழைய மோட்டார் எல்லாவற்றின் சின்னச் சின்னக் கசிவும் காரின் கசிவோடு சேர்ந்து நடு இரவில் வீடு முழுவதையும் இருட்டாக்கிவிடும். மெயின் சுவிட்சுக்கு அடுத்தே சார்ஜர் லைனைத் தனியாகப் பிரியுங்கள்.

புதுச் சார்ஜர், கார் ஏறவில்லை, எர்த் ஃபால்ட் என்று சிவப்பு விளக்கு. ஏன்?

இந்தப் பகுதியில் மிக அதிகமாக வரும் புகார் இது. பத்தில் ஒன்பது என்று சொல்லத் தோன்றும் அளவுக்குக் காரணம் எர்த்தில்தான் இருக்கும். ஃபேனும் விளக்கும் எர்த் இல்லாமலே ஓடும் என்பதால் வீட்டு எர்த் செத்துக் கிடப்பது வருஷக்கணக்காக யாருக்கும் தெரிவதில்லை. கார் ஒவ்வொரு முறையும் எர்த்தைச் சோதித்துவிட்டுத்தான் கரண்ட் எடுக்கும். காரின் உலோக உடம்பு முழுவதும் சார்ஜர் வழியாக அந்த எர்த்தோடு கட்டப்பட்டிருப்பதால் அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

முதலில் மல்டிமீட்டரால் சார்ஜர் பாயிண்டில் மூன்று அளவு எடுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 என்றால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஏறத்தாழ அதே எண் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பத்து, இருபது என்று காட்டினால் எர்த் சரியில்லை, அல்லது நியூட்ரல் எங்கோ தளர்ந்திருக்கிறது. இந்த அளவைச் சும்மா இருக்கும்போது எடுத்தால் போதாது. ஏசியும் ஹீட்டரும் ஓடும்போதும் எடுங்கள்.

அடுத்து எர்த் டெஸ்டர் வைத்து மண்ணின் எதிர்ப்பை அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குக் கீழே கொண்டுவருவதைக் குறியாக வையுங்கள். கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் கரிசல் மண். மழையில் ஈரம் பிடித்திருக்கும்போது அருமையான எர்த். கோடையில் வெடிப்பு விட்டுக் குழாயை விட்டு மண் விலகிவிடும். மேற்கே செம்மண்ணும் வெட்டுக்கல்லும். வாளையாறு மலையடிவாரத்தில் சில அடிகளில் பாறை. இந்த மூன்றிலும் ஒரே எர்த் குழி வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகஸ்டில் சோதித்துச் சரி என்று எழுதிக் கொடுத்த எர்த்தை ஏப்ரலில் இன்னொரு முறை சோதியுங்கள்.

சார்ஜருக்கென்று புதிய எர்த் போடும்போது இரண்டரை முதல் மூன்று மீட்டர் நீளக் குழாயோ செம்பு பூசிய கம்பியோ இறக்கி, சுற்றிலும் பெண்டோனைட் (ஈரம் பிடிக்கும் களிமண்) கலந்த எர்த் பவுடர் நிரப்புங்கள். ஒன்று போதாவிட்டால் இரண்டாவதைக் குறைந்தது 3 மீட்டர் தள்ளி இறக்கி இரண்டையும் இணைக்க வேண்டும். பக்கத்திலேயே இறக்கினால் பெரிய பலன் இல்லை. குழியின் மேல் மூடி வைத்துக் கட்டுங்கள், கோடையில் தண்ணீர் ஊற்றவும் கிளாம்பைத் துருப் பார்த்து இறுக்கவும் வழி இருக்கட்டும். பாறை உள்ள இடத்தில் கிணற்று ஓரமோ, குளியலறைத் தண்ணீர் போகும் பக்கமோ ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்து அங்கே குழி எடுத்து, செம்பு வயரை ஷெட் வரை கொண்டுவருவதே வழி.

சிலர் நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டுக்குள்ளேயே சேர்த்துக் கட்டி விளக்கைப் பச்சையாக்கித் தருகிறார்கள். கார் ஏறும். ஆனால் கம்பத்தில் நியூட்ரல் அறுந்த நாளில் காரின் கதவுக் கைப்பிடியில் கரண்ட் நிற்கும். அந்த வேலையைச் செய்பவரை அடுத்த முறை வீட்டுக்குள் விடாதீர்கள்.

தோட்டத்து மோட்டார் ரூமில் த்ரீ ஃபேஸ் இருக்கிறது. அங்கே செருகலாமா?

கூடாது. அது விவசாய இணைப்பு. வேறு உபயோகத்துக்கு எடுத்தால் 2003 மின்சாரச் சட்டம் பிரிவு 126 பொருந்தும். உரிய கட்டணத்தின் இரண்டு மடங்கைக் கணக்கிட்டு வசூலிப்பார்கள். எப்போதிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் 12 மாதத்துக்குப் போடுவார்கள். மோட்டார் ஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் அந்த லைனில் வோல்டேஜ் விழுந்து எழும் என்பது வேறு.

மாலையில் வோல்டேஜ் 190க்கு இறங்குகிறது. காருக்கு ஆபத்தா?

குறைந்த வோல்டேஜ் காரைக் கெடுக்காது, நேரத்தைத்தான் தின்னும். 32 ஆம்பியரில் 230 வோல்ட் இருந்தால் 7.4 கிலோவாட், 195 வோல்ட்டில் 6.2தான். இன்னும் இறங்கினால் சார்ஜர் தானே நிறுத்திவிடும், ஏறியதும் மறுபடி தொடங்கும். இரவு பத்துக்கு மேல் வையுங்கள். அப்போதும் நிற்கிறதென்றால் சார்ஜர் ஆப்பிலோ கார் திரையிலோ ஆம்பியரை 16க்கோ 10க்கோ குறையுங்கள். லைன் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு இதுவே நல்ல மருந்து. ஸ்டெபிலைசர் வாங்க வேண்டாம். வோல்டேஜை ஏற்ற அது லைனிலிருந்து இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும், லைன் இன்னும் இறங்கும்.

பயப்பட வேண்டியது ஏறும் வோல்டேஜுக்கு. தென்னை மட்டை விழுந்து கம்பத்தில் நியூட்ரல் மட்டும் அறுந்துவிட்டால், ஃபேஸ்களுக்கு இடையிலான 400 வோல்ட் வீட்டு லோடுகளுக்குள் தாறுமாறாகப் பிரியும். லோடு குறைந்த ஃபேஸில் 300 தாண்டிப் போகும். தோப்புகளுக்கு நடுவே லைன் போகிற ஊர்களில் இது அரிதான விபத்து அல்ல. சார்ஜர் லைனில் ஓவர், அண்டர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று போடுங்கள். மேலே 265, கீழே 180 என்று செட் செய்து, கரண்ட் வந்த பிறகு ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து இணைக்கும்படி வையுங்கள்.

துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடி மின்னலுக்கு என்ன பாதுகாப்பு?

மெயின் போர்டில் டைப் 2 எஸ்பிடி (திடீரென ஏறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் கருவி). அதிலிருந்து எர்த்துக்குப் போகும் வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. எர்த் மோசமென்றால் எஸ்பிடி இருந்தும் பயனில்லை. ஐப்பசி மதியங்களில் இடி முழங்கத் தொடங்கியதும் சார்ஜை நிறுத்தி, துப்பாக்கியை (சார்ஜர் கேபிளின் முனையை) காரிலிருந்து கழற்றி, எம்சிபியை அணைத்துவிடுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் நேராக விழும் மின்னலை எந்த எஸ்பிடியும் முழுதாகத் தாங்காது.

வெறும் மழையில் சார்ஜ் செய்யலாம். டைப் 2 துப்பாக்கி முழுவதும் உள்ளே போய்ப் பூட்டிய பிறகே பின்களுக்குக் கரண்ட் வரும். ஷெட்டில் தண்ணீர் தேங்கி நின்றால் மட்டும் தொடாதீர்கள்.

பில் எவ்வளவு கூடும்?

மாதம் 1,200 கி.மீ. ஓடினால் சுமார் 200 யூனிட். வீட்டு டாரிஃபிலேயே காரைச் சார்ஜ் செய்யலாம், அதில் தடை இல்லை. அதிர்ச்சி வருவது ஸ்லாபில். கே.எஸ்.இ.பி.யில் மாதம் 250 யூனிட் வரை படிப்படியான கட்டணம். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே உயர்ந்த விலை. 180 யூனிட் எரிக்கும் வீடு கார் வந்ததும் 380க்குப் போய், பழைய 180க்கும் சேர்த்துக் கூடுதலாகக் கட்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் பெறுகிறவரின் கணக்கை இதனோடு ஒப்பிட முடியாது.

250 தாண்டும் வீடுகளுக்கு 2025 முதல் நேரவாரிக் கட்டணமும் உண்டு. காலை 6 முதல் மாலை 6 வரை 10 சதவீதம் குறைவு, மாலை 6 முதல் இரவு 10 வரை 25 சதவீதம் அதிகம், அதன் பிறகு சாதாரண விலை. வேலை முடிந்து வந்ததும் ஏழு மணிக்குச் செருகும் பழக்கம்தான் மிக விலை கூடிய பழக்கம். காரின் டைமரைப் பத்தேகாலுக்கு வையுங்கள்.

காருக்கென்று தனி இணைப்பு கேட்கும் உரிமையை 2024இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள் தருகின்றன. வீட்டுப் பில் ஸ்லாப் தாண்டாமல் மிஞ்சும் தொகையையும், தனி இணைப்பின் நிலைக் கட்டணத்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மாதம் ஆயிரம் கி.மீ.க்குக் கீழே ஓடும் வண்டிக்கு அவசரப்பட வேண்டாம்.

சோலார் இருந்தால்?

ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட்டின் 12 யூனிட்டில் சுமார் 70 கி.மீ. ஓடலாம். பகலில் கார் வீட்டில் நிற்குமானால் 10 முதல் 3 மணி வரை 10 ஆம்பியரில் மெதுவாக ஏற்றுங்கள். 32 ஆம்பியரில் ஏற்றினால் பேனல் கொடுப்பதற்கு மேலே உள்ளதெல்லாம் லைனிலிருந்துதான் வரும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மானியம் 78,000 ரூபாய். கரண்ட் போனால் ஆன்-கிரிட் (மின்வாரிய லைனோடு இணைந்த) சோலாரும் நின்றுவிடும் என்பதை மறக்காதீர்கள்.

வீட்டு இன்வெர்ட்டரிலோ ஜெனரேட்டரிலோ சார்ஜ் ஆகுமா?

இன்வெர்ட்டர் தாங்காது, சார்ஜர் லைன் அந்தப் பக்கம் போகவே கூடாது. சிறிய ஜெனரேட்டரில் நியூட்ரல் எர்த்தோடு கட்டியிருக்காது. ஆகவே பெரும்பாலான கார்கள் ஏற்க மறுக்கும்.

எந்த இடத்தில் மாட்டுவது?

தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல், கை எட்டும் உயரத்தில். மேற்குச் சுவர் வேண்டாம். பாலக்காட்டுக் கோடையில் 40 டிகிரி தாண்டும் நாட்களில் வெயில் நேராகப் பட்டால் சார்ஜர் தன்னைக் காத்துக்கொள்ள ஆம்பியரைக் குறைத்துவிடும். கணவாய்க் காற்று மழையைப் பக்கவாட்டில் அடிக்கும் ஊர் என்பதால் கூரை இருந்தாலும் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி 65 பெட்டியாக வாங்குங்கள். கேபிள் பொதுவாக 5 மீட்டர். சார்ஜிங் வாய் முன்னாலா, பக்கத்திலா, பின்னாலா என்று பார்த்து, காரை நீங்கள் வழக்கமாக நிறுத்தும் விதத்தில் நிறுத்தி, கயிற்றால் அளந்த பிறகு துளை போடுங்கள்.

ஆப், வைஃபை, கார்டு: எது தேவை?

ஆம்பியரைக் குறைக்கும் வசதியும் டைமரும் தேவை. வீட்டு லோடு ஏறும்போது தானே ஆம்பியரைக் குறைக்கும் லோடு பேலன்சிங், லோடு நெருக்கமான வீட்டுக்குப் பணத்துக்கு ஏற்ற பொருள். கார்டு காட்டினால்தான் சார்ஜ் தொடங்கும் வசதி, வாசல் திறந்து கிடக்கும் வீட்டுக்கு மட்டும். மற்றவை இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைவதில்லை. பெட்டியில் ஐஎஸ் 17017 என்ற தரக்குறிப்பு இல்லாத மலிவுச் சார்ஜரை மட்டும் தவிருங்கள்.

கோவை வயர்மேனை வைத்து வேலை செய்யலாமா?

கை வேலைக்குக் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் லோடு கூட்டவும் புது இணைப்புக்கும் செக்‌ஷன் ஆபீஸ் கேட்கும் கம்ப்ளீஷன் ரிப்போர்ட்டில் கேரள உரிமம் உள்ளவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். கோவையில் வாங்கும் சார்ஜருக்குக் கேரள முகவரிக்கு ஆள் வந்து சர்வீஸ் செய்வார்களா என்பதையும் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் எதைச் சோதிக்க வேண்டும்?

வயர்மேன் கிளம்பும் முன், அவர் எதிரிலேயே இவற்றைச் செய்யுங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். பிறகு மாதம் ஒரு முறை நீங்களே அழுத்துங்கள். காரைச் செருகி முழு ஆம்பியரில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சார்ஜர் முனையில் வோல்டேஜைப் பாருங்கள். மெயின் போர்டில் உள்ளதை விட 7 வோல்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால் வயர் சிறிது, அல்லது இணைப்பு தளர்ந்திருக்கிறது. எம்சிபியின் பிளாஸ்டிக் முகத்தைத் தொட்டு, கைக்குச் சூடு பொறுக்கிறதா என்று பாருங்கள். மெயினை அணைத்துவிட்டு எம்சிபி, சார்ஜர் இரண்டின் ஸ்க்ரூக்களையும் இன்னொரு முறை இறுக்கச் சொல்லுங்கள். முதல் வாரச் சூட்டில் செம்பு சற்று அமுங்கித் தளரும் என்பதால் ஒரு மாதம் கழித்து மறுபடியும் இறுக்க வேண்டும். எர்த் டெஸ்டர் காட்டிய ஓம் அளவையும் அளந்த தேதியையும் போர்டின் உள்பக்கக் கதவில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். ஏப்ரலில் அளக்கும்போது பக்கத்திலேயே அந்த எண்ணையும் எழுதலாம்.